ஸ்டான்லியும் முகத்துவாரக்குப்பமும்: ஓ.பி. சீட்டில் இல்லாத இரண்டு வரி

முகத்துவாரக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். மீன் விற்கிறவர். கல்யாணமான புதிதில் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் தடவி இறால் பிடித்தவர். மழைக்காலம் வந்தால் இழுப்பு வரும். இப்போதெல்லாம் அது மழைக்காலம் வரைக்கும் காத்திருப்பதில்லை. அவர் வீட்டு பீரோ மேல் ஒரு ஜவுளிக்கடை கவர் இருக்கிறது. சுமார் பத்து வருஷத்து ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாம் அதற்குள்தான். போன மாதம் போயிருந்தபோது, "படிச்ச புள்ளதானே தம்பி, இதுல இன்னா எழுதிக்கீதுன்னு பாத்து சொல்லேன்" என்று கவரைப் பாயில் கவிழ்த்தார்.

தேதி வாரியாக அடுக்கினேன். கிளினிக், அரசு ஆஸ்பத்திரி, மருந்துக்கடைக்காரர் கிழித்துக் கொடுத்த துண்டுக் காகிதம் என்று எல்லா இடமும் அதில் இருந்தது. எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. ஏதோ ஓர் இடத்தின் தப்பு இல்லை இது. அவர் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு வருஷம் வயது 42, அடுத்த வருஷம் 39. (அக்காவுக்கு இதில் சந்தோஷம்தான்.) இருமல், வீஸிங், அரிப்பு, மறுபடி வீஸிங். டெரிஃபிலின், சால்பியூட்டமால், ஆன்டிபயாடிக், களிம்பு. கொடுத்த மருந்தில் குறை சொல்ல எனக்கு அறிவும் கிடையாது, காரணமும் கிடையாது. ஆனால் அடுக்கி முடித்தபிறகு ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு மூன்று சீட்டில் "எண்ணூர்" என்று இருக்கிறது. மீதியில் ஊரே இல்லை. அவர் என்ன வேலை செய்கிறார் என்பது ஒன்றில்கூட இல்லை.

"எந்த டாக்டராச்சும் நீ இன்னா வேலை பண்றேன்னு கேட்டாங்களாக்கா?"

"அத்த கேட்டு அவுங்க இன்னா பண்ணப் போறாங்க?"

நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அதற்கு நான் சொல்லாமல் வந்த பதில்.

பெர்னார்டினோ ராமாஸினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700இல் தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் கேட்கவேண்டியவை என்று ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து வந்த கேள்விகளோடு அவர் ஒன்றே ஒன்றைச் சேர்த்தார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? முந்நூறு வருஷம் கழிந்துவிட்டது. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் ஐ.சி.டி.-10 நோய்ப் பட்டியலில் இதற்கு எண்ணே இருக்கிறது. வேலையிடத்தில் தூசு, புகை, நச்சு பட்டதற்கு இசட் 57. சுற்றுச்சூழலில் பட்டதற்கு இசட் 58. அதாவது, குறித்துவைக்க இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பல்கலைக்கழக வளாகங்களில் இருக்கும் மருத்துவ மையங்களைப் பற்றி நான் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில்தான் இந்தக் கவர் கைக்கு வந்தது. எந்த வளாகத்துக்குப் போனாலும் அங்கிருக்கும் ஹெல்த் சென்டர் பற்றி மாணவர்களிடம் ஒரே ஜோக்தான்: தலைவலிக்கும் பாராசிட்டமால், கால் உடைந்தாலும் பாராசிட்டமால். இருக்கட்டும். ஆனால் அந்தச் சின்ன மையத்திடம், ஆயிரம் படுக்கை ஆஸ்பத்திரியிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. பெயர்ப் பட்டியல். யார் யார் இங்கே இருக்கிறார்கள், எந்த விடுதி, எந்த மெஸ், எந்த லேப் என்பது அதற்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கில் மேலே தொகுதி, கீழே பகுதி என்று படித்தோமே, அந்தப் பகுதி எண் அதன் கையில் இருக்கிறது. பத்துப் பேருக்கு இருமல் என்றால் அது ஒரு செய்திதான். எத்தனை பேரில் பத்து, எந்த விடுதியில் பத்து என்று தெரிந்தால்தான் அது அறிவு.

2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்ததை நினைவிருக்கிறதா? மாதத் தொடக்கத்தில் ஓரிருவருக்குக் கொரோனா. இரண்டே வாரத்தில் எண்ணிக்கை 180ஐத் தாண்டியது. விடுதிகளில் அப்போது இருந்தவர்கள் சுமார் 700 பேர். எல்லோருக்கும் பரிசோதனை நடந்தது. பொது மெஸ்ஸை மூடி, அறைக்கே சாப்பாட்டுப் பொட்டலம் அனுப்பினார்கள். தொற்று உறுதியானவர்களைக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பரவலை விட்டதற்கு அந்த நிர்வாகத்தைத் திட்டலாம், அன்றைக்குத் திட்டினோம். நான் சொல்ல வருவது வேறு. எங்கிருந்து பரவியது என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. காரணம், பட்டியல்.

இனி வடக்கே வருவோம். ஸ்டான்லியும் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி வளாகம்தான், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பழைய ஆட்கள் இன்னும் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்வார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம், பிறகு 1799இல் அதோடு ஒட்டிய மருத்துவமனை, 1938இல் மருத்துவக் கல்லூரி. பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றப் போய், அவர்களுக்கு உடம்பும் சரியில்லை என்று பார்த்து வளர்ந்த இடம் அது. சுற்றியிருக்கும் ஊரைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொண்ட ஆஸ்பத்திரி என்று சொன்னால் அதில் மிகை ஒன்றுமில்லை.

இதற்கு நல்ல சாட்சி அங்கேயே இருக்கிறது. 1971இல் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லியில் கைக் காயங்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். தொழிற்சாலைகள் நிறைந்த வடசென்னையிலிருந்து நசுங்கிய, அறுந்த கைகள் வந்துகொண்டே இருந்தன. அதைப் பார்த்த ஒருவர் இதற்குத் தனியாக ஒரு மருத்துவமே வேண்டும் என்று முடிவெடுத்தார். இந்தியக் கை அறுவை சிகிச்சையின் முன்னோடியாக அவரைச் சொல்கிறார்கள். நாடு முழுக்க இருந்து மருத்துவர்கள் கற்றுக்கொள்ள வரும் இடமாக அந்தப் பிரிவு வளர்ந்தது. பாரிமுனைக்கு வடக்கே வேலைக்குப் போன ஏழைகளின் விரல்கள், பாடப்புத்தகத்துக்குப் பாடம் சொன்னன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்லியைப் பற்றிப் பேசும்போது கூட்ட நெரிசலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

அதே ஊரிலிருந்துதான் நுரையீரலும் வந்துகொண்டிருக்கிறது. தோலும் வந்துகொண்டிருக்கிறது. கைக்கு நடந்தது இதற்கு ஏன் நடக்கவில்லை?

கைக் காயத்துக்கு முகவரி இருக்கிறது என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த மெஷின், எந்த ஷிப்ட், எத்தனை மணி, பக்கத்தில் யார் நின்றார்கள், எல்லாம் கையோடு சேர்ந்தே வரும். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களையும் ஸ்டான்லிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அன்று ராத்திரிக்குள் எண்ணிக்கை ஊருக்கே தெரியும். நுரையீரல் அப்படி இல்லை. இருபது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, ஒரு நாள் இழுப்போடு வந்து நிற்கும்போது அதன் கையில் ஒரு தகவலும் இருக்காது. கேட்டால்தான் வரும்.

முகத்துவாரக்குப்பத்தில் நின்று பார்த்தால் கேட்கவேண்டிய கேள்விகள் கண்ணுக்கு எதிரிலேயே நிற்கின்றன. குப்பம் கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. 1970 முதல் 2017 வரை ஓடிய எண்ணூர் அனல்மின் நிலையம் ஒரு பக்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர், 2001இல் வந்த காமராஜர் துறைமுகம். சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழம் குறைந்தது, வெந்நீர் வந்து விழுகிறது, மேற்கே மணலி. தெற்கே தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், சின்னக்குப்பம், பெரியகுப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கரை. ராயபுரத்திலிருந்து இங்கே சுமார் 15 கிலோமீட்டர். கன்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால் அது எத்தனை மணி நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் இரண்டு முறை இந்தக் கரை செய்தியில் வந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. மீனவர்கள் பிளாஸ்டிக் மக்கால் அதை அள்ளினார்கள். 2017 ஜனவரி 28 அன்று பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் எண்ணூருக்கு வெளியே மோதி எண்ணெய் கொட்டியபோதும் பக்கெட்டால்தான் அள்ளினோம். ஆறு வருஷத்தில் பக்கெட் மக்காக மாறியிருந்தது, அவ்வளவுதான். அரசு நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். இந்த 787 என்ற எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இவ்வளவு துல்லியமாக எப்படி எண்ணினார்கள்? படகுக்குப் பதிவு எண் இருக்கிறது. எண்ணெய் பட்ட தோலுக்கு அது இல்லை.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன், பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாய் கசிந்தது. கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது. ஆலை வாசல் அருகே காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரிக்கு இருக்கும் வரம்பு 400. கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. காற்றுக்கு ஓர் எண், கடலுக்கு ஓர் எண். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரம்பும் ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது. அன்று ஓடியவர்களின் நுரையீரல் டிசம்பர் 25 அன்று எப்படி இருந்தது என்பதற்கு எந்த எண்ணை எடுத்துவைப்பது? "உனக்கு முன்னாடியே ஆஸ்துமா இருந்ததும்மா" என்று யாராவது சொன்னால் அந்த அக்கா என்ன காட்டுவார்? ஊர் பேர் இல்லாத சீட்டுகள் நிறைந்த ஒரு கவர்.

தன்னார்வ அமைப்புகள் அவ்வப்போது இந்தப் பக்கம் முகாம் போட்டுக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் முகாம் ஒரு ஃபோட்டோ மாதிரி. தேவைப்படுவது வருஷா வருஷம் எழுதப்படும் ஏடு.

இங்கேதான் எனக்கு முக்கியமான புகார். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் 'குடும்பத் தத்தெடுப்பு' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களை முதல் வருஷத்திலிருந்தே தொடர்ந்து பார்க்கவேண்டும். மூன்று கட்டமாகச் சேர்த்து 78 மணி நேரம் பாடத்திட்டத்திலேயே ஒதுக்கியிருக்கிறார்கள். அருமையான யோசனை. நான் மேலே சொன்ன ஏட்டை எழுத இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் விதியைப் படித்தால், தத்தெடுக்க வேண்டியது கிராமக் குடும்பங்களை, அதுவும் கூடுமானவரை ஆரம்ப சுகாதார நிலையம் எட்டாத கிராமங்களில். தில்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு ஏழ்மை என்றால் கிராமம், நகரம் என்றால் வசதி. கத்திவாக்கம் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அன்றோடு முகத்துவாரக்குப்பம் 'நகரம்' ஆகிவிட்டது. பெயரில் குப்பம், காகிதத்தில் பெருநகரம். வடசென்னையில் படிக்கும் ஒரு மருத்துவ மாணவர் விதிப்படி குடும்பம் தேட வேண்டுமென்றால், இந்தக் கரையைத் தாண்டி மாநகராட்சி எல்லைக்கு வெளியே போகவேண்டும்.

செய்ய முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் அவர்களை வேலூர் பாகாயத்துக்கு அனுப்பவேண்டும். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 'சாட்' என்று எல்லோரும் சொல்லும் சமுதாய நல மருத்துவமனை இருக்கிறது. அது கணியம்பாடி ஒன்றியம் முழுவதையும் தன் பட்டியலாக வைத்திருக்கிறது. கிராமத்தில் ஒரு பெண் பணியாளர், அவருக்கு மேலே சுகாதார உதவியாளர், செவிலியர், மருத்துவர் என்று அடுக்கு அடுக்காக ஒவ்வொரு பிறப்பையும் சாவையும் பதிகிறார்கள், சரிபார்க்கிறார்கள். 2004இல் 'லான்செட்' இதழில் அவர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை பலரைத் தூக்கிவாரிப்போட்டது. சுமார் 1,08,000 பேர் வாழும் அந்தப் பகுதியில், 1992 முதல் 2001 வரை, 10 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 148. பையன்களுக்கு 58. போலீஸ் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் இது வெளியே வந்திருக்காது. வயிற்றுவலி, விபத்து என்று மறைந்துபோயிருக்கும். வீட்டுக்குப் போய், 'அந்தப் பொண்ணு எப்படிம்மா செத்துச்சு' என்று கேட்டுப் பதிந்ததால் தெரிந்தது.

சென்னைக்கே இது புதிது இல்லை. 1956இல் தொடங்கிய சேத்துப்பட்டு காசநோய் மையம், மெட்ராஸின் ஏழை வீடுகளுக்கே போய் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தது. வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதற்கு இணையாகக் குணமாகும் என்று 1959இல் காட்டியது. உலகம் காசநோய்க்கு வைத்தியம் பார்க்கும் முறையே அதனால் மாறியது. அப்போது அந்த வீடுகளைத் தேடிப் போகத் தெரிந்தது நமக்கு.

'மக்களைத் தேடி மருத்துவம் வந்துவிட்டதே' என்று கேட்பீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கியது, நல்ல திட்டம், என் வீட்டிலேயே பயன் உண்டு. ஆனால் அதன் மையத்தில் இருப்பது ரத்த அழுத்தமும் சர்க்கரையும். கதவைத் தட்ட ஆள் இருக்கிறார் என்பதே பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதி, என்ன கேட்பது என்பது.

டாக்டர்களுக்கு நேரம் இல்லை என்பதும் உண்மைதான். ஓ.பி. வரிசையைப் பார்த்தவர்கள் யாரும் 'இன்னும் இரண்டு கேள்வி கேளுங்க சார்' என்று சொல்லத் துணிய மாட்டார்கள். டாக்டர் கேட்கவேண்டாம். சீட்டு போடும் கவுன்ட்டரில் கேட்கலாம். பின்கோடு மட்டும் போதாது. 600057 என்றால் எண்ணூர், அதற்குள் அம்மோனியாக் குழாய்க்குப் பக்கத்து வீடும் இருக்கிறது, அதிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி முகத்துவாரமும் இருக்கிறது. குப்பத்தின் பெயர், செய்யும் வேலை. இரண்டு வரி. இது இருந்தால், இந்த வருஷம் நெட்டுக்குப்பத்திலிருந்து இழுப்போடு வந்தவர்கள் போன வருஷத்தைவிட அதிகமா என்று சமுதாய மருத்துவத் துறையில் ஒரு முதுகலை மாணவர் ஒரு மதியத்தில் எண்ணிச் சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன், இவ்வளவு நீளமாக இல்லை. அவர் கேட்டுக்கொண்டே சீட்டுகளைத் தட்டி அடுக்கினார். பிறகு, "எல்லாம் சரி தம்பி. முகத்துவாரத்துல இத்தினி பேருக்கு நோயின்னு நீ எழுதி வெச்சிட்டா, நாளைக்கு எங்க மீன யாரு வாங்குவாங்க?" என்றார்.

என்னிடம் தயாரான பதில் இல்லை. எண்ணெய் கொட்டிய ஒவ்வொரு முறையும் மார்க்கெட்டில் இந்தப் பக்கத்து மீனுக்கு என்ன ஆனது என்று அவர் பார்த்திருக்கிறார். நோயின் கணக்கு வெளியே வந்தால் ஆலைக்கு வலிக்கும் முன் கூடைக்கு வலிக்கும். அந்த ஏடு யார் கையில் இருக்கவேண்டும், யார் அனுமதியோடு திறக்கவேண்டும் என்பதை வேலூர் மாதிரியிலிருந்து அப்படியே எடுத்துவர முடியாது. அங்கே ஒன்றியத்தின் மேல் வியாபாரம் தொங்கவில்லை. குப்பத்துப் பஞ்சாயத்தையும் பெண்கள் குழுவையும் உட்காரவைத்துப் பேசாமல் தொடங்கினால் முதல் வருஷமே கதவு சாத்திவிடுவார்கள், சாத்தவும் வேண்டும். கல்லூரி முதலில் செய்யவேண்டிய வேலை கணக்கெடுப்பே இல்லை, இந்தப் பேச்சுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கவரை மறுபடி பீரோ மேல் வைத்துவிட்டு அவர் இரண்டு இன்ஹேலரை எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு. "இதுல தெனம் காலைல அடிக்கிறது எது?" கடைசிச் சீட்டை எடுத்துப் பார்த்துச் சொன்னேன். ஆரஞ்சு தினமும் காலையும் ராத்திரியும், அடித்தபிறகு வாய் கொப்பளிக்கணும். நீலம் மூச்சு முட்டும்போது மட்டும். இத்தனை நாள் மாற்றித்தான் அடித்திருக்கிறார்.